போட்டிக் கல்லூரிக்கு மாறுவது: பழைய விதியா, போர்ட்டலா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல) ஒருவர் கல்லூரி மாற, 2018 வரை பழைய கல்லூரியின் அனுமதி வேண்டியிருந்தது. இல்லையென்றால் புதிய இடத்தில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. போட்டிக் கல்லூரி என்றால் அனுமதி மறுப்பது சகஜம்.

பேக்கர் மேஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் டெக்சாஸ் டெக் அணியில் உதவித்தொகை இல்லாமலே ஆடியவர், அதே பிக் 12 லீக்கின் ஓக்லஹோமாவுக்கு மாறினார். மாறுபவர் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியால் 2014 சீசன் முழுக்க ஆட முடியவில்லை. அது போதாதென்று, கல்லூரி அணியில் ஆட அவருக்கு இருந்த ஆண்டுகளில் ஒன்றையும் லீக் விதி கழித்தது. உதவித்தொகையே தராத கல்லூரியை விட்டுப் போனதற்கு இவ்வளவு தண்டனை! 2016 ஜூனில் விதியை மாற்ற லீக்கின் கல்லூரிகளிடையே வாக்கெடுப்பு நடந்தது. முதலில் 5-5, மறுநாள் 7-3. இழந்த ஆண்டு திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டில்தான், 2017-ல், ஆண்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்றார்.

2018 அக்டோபரில் வந்த ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியலில், அனுமதி என்ற பேச்சே இல்லை. எழுதிக் கொடுத்தால் இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி பெயரை ஏற்றியாக வேண்டும். 2021-ல் முதல் மாற்றத்துக்கு அந்த ஓராண்டுக் காத்திருப்பு போனது. 2024 முதல் படிப்பு சரியாக இருந்தால் காத்திருக்காமல் எத்தனை முறையும் மாறலாம்.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. பெயர் ஏறியபின் பழைய கல்லூரி அடுத்த பருவத்தின் உதவித்தொகையை நிறுத்தலாம். பெயர் ஏறும் முன் வேறு கல்லூரி பேசவும் கூடாது. நட்சத்திர வீரருக்குக் கவலையில்லை. பெஞ்சில் இருப்பவருக்குப் பழைய இடமும் பறிபோய், புதிய இடமும் கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் என் ஓட்டு போர்ட்டலுக்கே. முடிவு வீரர் கையில் இருக்கிறதே!