மஜ்ஜையா, ரத்தமா, தொப்புள்கொடியா? ரத்தக் குருத்தணு மாற்றில் எது எப்போது?

ரத்தக் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்று சிகிச்சைக்கு அணுக்கள் மூன்று வழிகளில் கிடைக்கின்றன: இடுப்பெலும்பு மஜ்ஜை, ரத்தக்குழாயில் ஓடும் ரத்தம், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி. மூன்றிலும் புது ரத்தத்தை உண்டாக்குவது அதே குருத்தணுதான். ஆனால் அதோடு சேர்ந்து என்னென்ன அணுக்கள், எவ்வளவு வருகின்றன என்பதில்தான் நோயாளியின் பிற்காலம் அடங்கியிருக்கிறது.

மஜ்ஜை எடுக்கக் கொடையாளருக்கு மயக்க மருந்து தேவை. குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்முகட்டில் ஊசியை இறக்கி, இடம் மாற்றி மாற்றிச் சில மி.லி. வீதம் உறிஞ்சுவார்கள். ஒரே இடத்தில் அதிகம் இழுத்தால் சாதாரண ரத்தம் கலந்து மஜ்ஜை நீர்த்துப்போகும். மொத்த அளவு கொடையாளரின் எடையில் கிலோவுக்கு 20 மி.லி.யைத் தாண்டக் கூடாது. இடுப்பு வலி சில நாட்கள் இருக்கும்.

ரத்தத்திலிருந்து எடுப்பதற்கு மயக்க மருந்து வேண்டாம். வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசியைக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் தினமும் போட்டால், மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் ரத்தத்துக்கு இறங்கிவரும். 5ஆம் நாள் அஃபெரெசிஸ் இயந்திரம் 4 முதல் 6 மணி நேரத்தில் அவற்றைப் பிரித்தெடுக்கும். பெறுபவரின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 அணுக்கள் (சிடி34 என்ற அடையாளம் கொண்ட குருத்தணுக்கள்) வேண்டும். நடுவில் உதடு மரத்தால், ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுத்தால் சரியாகும். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலி இயல்பு. இடது மேல்வயிற்றிலோ இடது தோளிலோ வலி வந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்: மிக அரிதாக மண்ணீரல் கிழிவதுண்டு.

கொடையாளருக்கு இது எளிது. பெறுபவருக்கும் வெள்ளணுக்கள் சுமார் 2 வாரத்தில் தலைகாட்டும். மஜ்ஜையென்றால் 3 வாரம். அதனாலேயே பலரும் ரத்தத்தை நாடுகிறார்கள். ஆனால் அதில் டி அணுக்கள், அதாவது அந்நியமானதைத் தாக்கும் எதிர்ப்புசக்தி வெள்ளணுக்கள், பல மடங்கு அதிகம். அவை பெறுபவரின் தோல், கண், கல்லீரல், நுரையீரலைத் தாக்கலாம். உறவினரல்லாத கொடையாளர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. இந்த நீடித்த தாக்குதல் ரத்தம் பெற்றவர்களில் 53 சதவீதம், மஜ்ஜை பெற்றவர்களில் 41 சதவீதம். அணுக்கள் ஒட்டாமல் போனது முறையே 3, 9 சதவீதம். 2 ஆண்டு உயிர்வாழ்வில் வேறுபாடில்லை.

எனவே அப்ளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை போதிய ரத்தம் உண்டாக்காத நோய்), தலசீமியா போன்ற, புற்றுநோயல்லாத நோய்களுக்கு மஜ்ஜையே மேல். அங்கே டி அணுக்கள் அழிக்கப் புற்றணு எதுவும் இல்லை. தொல்லை மட்டுமே மிஞ்சும். முற்றிய ரத்தப் புற்றுநோயில் எஞ்சிய புற்றணுக்களை அதே டி அணுக்கள் அழிக்கலாம் என்பதால் கணக்கு மாறும். நோயாளியின் சொந்த அணுக்களையே திருப்பிச் செலுத்துவதானால் ரத்தம்தான்; இந்தத் தாக்குதல் அச்சமே அங்கில்லை.

தொப்புள்கொடி ரத்தத்தை 1988இல் பாரிஸில் எலியான் க்ளுக்மன் குழு முதன்முதலாகச் செலுத்தியது, ஃபான்கோனி ரத்தசோகை என்ற மரபணு நோயுள்ள சிறுவனுக்கு. திசுப் பொருத்தத்துக்கு ஒப்பிடும் 6 அடையாளங்களில் 4 பொருந்தினாலும் போதும் என்பது பெரிய வரம். அளவுதான் குறை: பெரியவர்களுக்கு ஒரு பை பெரும்பாலும் போதாது, வெள்ளணு எழ 4 வாரம்வரை ஆகும், அதற்குள் தொற்று முந்திக்கொள்ளும். ஒட்டாமல் போனால் அதே கொடையாளரிடம் மறுபடி கேட்கவும் முடியாது.

சொந்தக் குழந்தைக்கென்று சேமிப்பதில் இன்னொரு சிக்கல்: மரபணு நோயென்றால் அதே பிழை அந்தப் பையிலும் இருக்கும். வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே இந்தச் சிகிச்சை தேவைப்படும் நோய் இருந்தால், பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வைக்க மருத்துவரிடம் பிரசவத்துக்கு முன்பே கேளுங்கள்.