ஏழு வருஷம், பதினோரு ஜன்னல்: கம்பி வைத்த அனுபவம்

தூத்துக்குடியில் கடலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. 2018 தையில் பால் காய்ச்சினோம். புது வீட்டுக்கு ஜன்னல் பார்க்கும் யார் கேட்டாலும், கம்பி சுவரைப் பிடித்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கட்டும்போது நானும் கம்பியின் கனத்தைத்தான் விசாரித்தேன். 10 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல், 12 மி.மீ. 1.13 கிலோ. செலவு கூடினாலும் 12 போட்டோம், அதில் வருத்தமே இல்லை. இரண்டு கம்பிக்கு நடுவே ஜாக்கியை வைத்து நெம்புவார்கள் என்பதால் அடிக்கு ஒரு குறுக்குப் பட்டையும் வைக்கச் சொன்னோம். ஆனால் வெல்டர் அந்தக் கிரில்லை யூபிவிசி என்ற பிளாஸ்டிக் ஜன்னல் சட்டத்திலேயே ஸ்குரூ போட்டு நிறுத்தப் போனார். கொத்தனார்தான் தடுத்தார். "அண்ணாச்சி, கம்பி எத்தனை கனம்னு எல்லாரும் கேக்காங்க, அது எதுல நிக்குதுன்னு யாரும் கேக்க மாட்டேங்காங்க" என்றார்.

வேலையை நிறுத்தி, கிரில்லைச் சுற்றி, சுவருக்குள் போய்ப் பிடிக்கும் ஆறு அங்குல இரும்புக் காதுகளை வெல்டு செய்து, ஒன்பது அங்குலச் சுவரைக் கொத்தி, ஜல்லிக் கலவை போட்டுப் புதைத்தோம். அதன் பிறகே யூபிவிசி ஏறியது. எங்கள் தாத்தா வீட்டில் மர நிலையில் துளை போட்டுக் கம்பியைச் சொருகிய பிறகுதான் நிலையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மரத்தை அறுக்காமல் அந்தக் கம்பி வராது. மேலே ஸ்குரூ அடித்த கிரில்லுக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.

2022இல் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது சமையலறையின் தள்ளு ஷட்டரை அது ஓடும் பள்ளத்திலிருந்து தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். குளியலறை வெண்டிலேட்டரின் லூவர் கண்ணாடிகள் நான்கும் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அந்தச் சின்னத் திறப்புக்கு எதற்குக் கம்பி என்று நான் வாதாடியவன். "ஒரு ஒல்லிப் பையன் நுழையலாமே" என்று மனைவி விடாப்பிடியாக நின்று போட வைத்தாள். ஒரு கம்பிகூட அசையவில்லை. அந்த ராத்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஷட்டரைத் தூக்க முடியாதபடி மேல் பள்ளத்தில் இப்போது கட்டை வைத்திருக்கிறோம். முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கண்ணாடி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். டஃபன்டு, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி உடைந்தால் ஆளைக் கிழிக்காது, ஆனால் மொத்தமாக உதிர்ந்து வழி விட்டுவிடும். உள்ளே ஆள் நுழையாமல் தாமதிக்க வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட்தான், அதிலும் அந்த நடுப்படலம் 1.52 மி.மீ. கேளுங்கள். 0.38 படலம் உடைந்த துண்டுகளைப் பிடித்துவைக்கும், அவ்வளவே.

உப்புக்காற்றுதான் எங்கள் நிரந்தரத் தொல்லை. மூன்றாம் வருஷமே கம்பியின் அடிப்பக்கம், மழைத் தண்ணீர் தேங்கும் இடத்தில், துரு பொரிந்தது. அடிச்சுவரை வெளிப்பக்கம் சரிவாகப் பூசியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, எனாமல் பூசுகிறேன். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுவதாக இருந்தால் கடலோரத்தில் 304 ரகம் போதாது, 316 ரகம் பாருங்கள்.

வாசல் கதவை ஒட்டிய ஜன்னல் எங்கள் பிழை. கையை விட்டால் தாழ்ப்பாள் எட்டியது. தாழ்ப்பாளைக் கதவின் மேல்கோடிக்கு மாற்றினோம்.

படுக்கையறை ஒன்றில் மட்டும் தீ விபத்தில் வெளியேற, உள்ளிருந்து பூட்டும் திறப்புக் கிரில் வைத்தோம். சாவி, வெளியிலிருந்து கை எட்டாத ஆணியில். ஐந்தாம் வருஷம் திறந்து பார்த்தால் கீல் துருவேறி இறுகிக் கிடந்தது; சுத்தியலால் தட்டித்தான் திறந்தேன். இத்தனை நாள் என் பிள்ளைகள் அந்த அறையில்தான் தூங்கினார்கள் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மகளே எண்ணெய் விட்டு, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கிறாள்.