வேலூரில் பழைய புல்லட் மெக்கானிக் கடை: ஐந்து நட்சத்திரமும் பெரியவருக்குத்தான்

காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் உள்ள பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம். ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வண்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்று வந்து கடை போட்ட பெரியவர் போன மாதம் தவறிவிட்டார், மனசு ஆறவில்லை. எஞ்சின் நன்றாக ஆறாமல் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட்டைத் தொடவே மாட்டார்; வால்வை இயக்கும் தள்ளுகம்பியான புஷ்ராடு, விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது என்று சொல்லி, நம் விரலையே வைத்துப் பார்க்கச் சொல்வார். தீப்பொறிக்கான பாயின்ட் இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு)தான், கண்மதிப்பு கிடையாது. படிக்கிற பசங்களிடம் கூலி வாங்க மாட்டார், "பெட்ரோல் போட்டுக்கோப்பா" என்பார். இப்போது மகன் பார்க்கிறார், அதே பொறுமை. வண்டியைக் காலையிலேயே விட்டுவிடுங்கள்.