ஆரஞ்சுத் தோல் பொடி முதல் வைட்டமின் சி சீரம் வரை: எதற்குக் காசு கொடுக்கலாம்?

அட்டையில் ஆரஞ்சோ எலுமிச்சையோ படம் போட்டு விற்கும் சருமப் பொருட்களில் அதிகம் கண்ணில் படுபவை நான்கு: நாட்டு மருந்துக் கடைப் பொடி, பழத்தோல் எண்ணெய், வைட்டமின் சி சீரம், கண்ணுக்குக் கீழே தடவும் கிரீம். நான்குக்கும் சொல்லும் பெருமை ஒன்றுதான். உள்ளே இருக்கும் சரக்கோ வெவ்வேறு.

ஆரஞ்சுத் தோல் பொடி

விலைக்கு ஏற்ற பொருள், வாங்கலாம். ஆனால் "வைட்டமின் சி நிறைந்தது" என்ற வாசகத்தை நம்பி வாங்க வேண்டாம். தோலைக் காயவைத்து அரைத்து மாதக்கணக்கில் பாக்கெட்டில் வைத்த பிறகு அந்த வைட்டமினில் பெரும்பகுதி மிஞ்சாது. மிஞ்சியதும் பத்து நிமிடப் பூச்சில் சருமத்துக்குள் இறங்காது. பொடி செய்யும் உண்மையான வேலை, எண்ணெய்ப் பிசுக்கையும் இறந்த செல்களையும் மெல்ல உரசி எடுப்பது. அதனால் பொடியின் நைஸ்தான் தரம். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் மணல் போல் நெருடக் கூடாது. நெருடினால் சித்த மருந்துக்காரர்கள் செய்யும் வஸ்திரகாயத்தை வீட்டிலும் செய்யலாம், அதாவது வெள்ளைத் துணியில் சலித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது மோந்து பாருங்கள். பழத்தோல் வாசம் மங்கியிருந்தால் பழைய சரக்கு. பூசண வாசம் வந்தால் சரியாகக் காயாத தோல், குப்பைக்குத்தான் போக வேண்டும். ஒரு சிட்டிகையை ஈரமான வெள்ளைத் தாளில் தேய்த்தால் இளமஞ்சள் கறைதான் விழும். பளிச்சென்று காவி நிறம் ஒட்டினால் சாயம் என்று சந்தேகிக்கலாம்.

ஒரு தேக்கரண்டி பொடி, இரண்டு தேக்கரண்டி பச்சைப்பயற்று மாவு, குழைக்கத் தயிர் அல்லது தண்ணீர். 5 முதல் 8 நிமிடம் போதும். முழுக்கக் காய்ந்து இறுகும் முன் தண்ணீர் தெளித்து இளக்கிக் கழுவ வேண்டும். இறுகியதைத் தேய்த்து எடுப்பதால்தான் பலருக்கும் கன்னம் சிவந்து எரிகிறது. வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். சீழ்ப் பருக்கள் இருக்கும் முகத்துக்கு எந்த உரசலும் ஆகாது.

நலங்கு மாவு, குளியல் பொடி என்று கலவையாக வாங்குபவர்கள் கார்போக அரிசி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விதையில் சோராலென் உண்டு. வெண்புள்ளிக்கு அதைத் தடவி வெயில் காட்டச் சொல்வது, வெயில் பட்டால் நிறத்தைத் தூண்டும் அந்தக் குணத்துக்காகத்தான். கழுவிவிடும் பொடி என்பதால் ஆபத்து குறைவு. ஆனாலும் அப்படிப்பட்ட கலவையைத் தேய்த்த கையோடு வெயிலில் போகாமல், மாலைக் குளியலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பழத்தோல் எண்ணெய்கள்

கவனமாக வாங்க வேண்டியவை இவை. சோராலென் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்யூரோகூமரின்கள் சில சிட்ரஸ் எண்ணெய்களிலும் உள்ளன. பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழத்தின் எண்ணெயில் இருக்கும் பெர்காப்டென் அவற்றில் பேர்போனது. இவை வெயிலின் யுவி-ஏ கதிரை உறிஞ்சிக்கொண்டு தோல் செல்லின் டிஎன்ஏவோடு பிணைந்துவிடும். முதலில் சிவப்பு, எரிச்சல், சிலருக்குக் கொப்புளம். பிறகு வாரங்கள், மாதங்கள் நீடிக்கும் கருந்தடம். ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வருவதால், முந்தாநாள் தடவிய எண்ணெய் மீது யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

எல்லா எண்ணெயும் இப்படியல்ல. இனிப்பு ஆரஞ்சு, மாண்டரின் எண்ணெய்களுக்கு இந்தக் குணம் கிடையாது. எலுமிச்சை வகைகளில் பிழிந்தெடுத்ததா, ஆவியில் வடித்ததா என்பதுதான் கேள்வி. ஃப்யூரோகூமரின் கனமான மூலக்கூறு என்பதால் ஆவியோடு ஏறி வராது. ஆகவே வடித்த எண்ணெய் வெயிலுக்குப் பாதுகாப்பானது, 'கோல்ட் பிரஸ்டு' (சூடேற்றாமல் பிழிந்தது) என்று பெருமையாக விற்பதில்தான் ஆபத்து. விலை கூடியதே நல்லது என்று எடுப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாறுவார்கள். எடுத்த முறையையே எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள்.

வெயில் படும் தோலில் தடவி அப்படியே விடும் பொருட்களுக்கு, நறுமணத் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ரா உச்சவரம்பு வைத்திருக்கிறது. பிழிந்தெடுத்த எண்ணெய்களில் பெர்கமாட்டுக்கு 0.4%, லைமுக்கு (நம் ஊர் எலுமிச்சை இனம்) 0.7%, கசப்பு ஆரஞ்சுக்கு 1.25%, லெமனுக்கு 2%, கிரேப்ஃப்ரூட்டுக்கு 4%. 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி என்று வைத்தால், 30 மில்லி தேங்காய் அல்லது பாதாம் எண்ணெயில் பெர்கமாட் 2 சொட்டு, லைம் 4 சொட்டு. அதோடு நிறுத்த வேண்டும். இரண்டையும் கலந்தால் ஆபத்து ஒன்றோடொன்று சேரும், ஆகவே தலா பாதியாகக் குறையுங்கள். பெர்காப்டென் நீக்கிய பெர்கமாட் 'எஃப்சிஎஃப்' என்ற குறியோடு கிடைக்கிறது. முகத்துக்கு அதுதான் சரி.

இன்னொரு சிக்கல் வெயிலைச் சார்ந்ததல்ல. ஆரஞ்சு எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் லிமொனீன் என்ற மணப்பொருள். புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சாது. காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஹைட்ரோபெராக்சைடாக மாறி ஒவ்வாமை கிளப்பும். 10 மில்லி பழுப்புக் கண்ணாடிப் புட்டியாக வாங்கி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பழ மணம் போய் வார்னிஷ் நெடி அடித்தால் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம், உடம்புக்கு வேண்டாம். ஐரோப்பாவில் தடவி விடும் பொருளில் லிமொனீன் 0.001 விழுக்காட்டைத் தாண்டினாலே பெயரை லேபிளில் போட்டாக வேண்டும். ஏற்கெனவே வாசனைப் பொருள் ஒவ்வாதவர்கள் தேட வேண்டிய பெயர்கள் லிமொனீன், சிட்ரால், லினலூல்.

முழங்கை மடிப்பில் ஒரு வாரம், நாளைக்கு இரண்டு வேளை தடவிப் பார்ப்பது ஒவ்வாமையைக் காட்டிக்கொடுக்கும். வெயில் விஷயத்தைக் காட்டாது, சட்டைக்குள் இருக்கும் கையில் கதிர் விழவில்லையே.

வைட்டமின் சி சீரம்

நான்கில் ஆய்வு ஆதாரம் மிகுந்தது இதுதான். டப்பாவில் பழம் இருந்தாலும் உள்ளே இருக்கும் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-யின் வேதிப்பெயர்) பொதுவாகக் குளுக்கோஸிலிருந்து ஆலையில் தயாராவது. அதில் குறை ஒன்றுமில்லை, பழத்தின் ஃப்யூரோகூமரினும் லிமொனீனும் கூடவே வராது என்பதால் லாபமே. எல்-அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். செறிவு 10 முதல் 20 விழுக்காடு, அதற்கு மேல் போனால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். வைட்டமின் ஈ, ஃபெரூலிக் அமிலம் சேர்ந்தது அதிக நாள் தாங்கும்.

காலையில் முகம் கழுவித் துடைத்து 4, 5 சொட்டு, மேலே சன்ஸ்கிரீன். புதிய சீரம் நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். பழுப்பேறினால் கழித்துக்கட்டுங்கள். குளியலறை அலமாரிச் சூட்டில் சீக்கிரம் கெடும். பெரிய புட்டி மலிவு என்று எடுப்பது இதற்குப் பொருந்தாது. எரிச்சல் தாங்காத சருமத்துக்குச் சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் என்ற வைட்டமின் சி மாற்றுரு மென்மையாக இருக்கும், வேகம் குறைவு.

கண் கிரீம்

ஹெஸ்பெரிடின், அதன் மாற்றுருவான ஹெஸ்பெரிடின் மெத்தில் சால்கோன் இரண்டும் ஆரஞ்சுத் தோலில் கிடைக்கும் ஃபிளாவனாய்டிலிருந்து வருபவை. கண்ணுக்குக் கீழே வரும் வீக்கம், கருவளையத்துக்கு என்று போடுகிறார்கள். பெரும்பாலும் பெப்டைடு முதலியவற்றோடு கலந்தே வருவதால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிறமி ஏறியதால் வந்த கருமைக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

காசில்லாத எலுமிச்சை மூடி

கடைப் பொருள் அல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும். சாற்றின் பிஎச் 2 சொச்சம், தோலின் இயல்பு 5ஐ ஒட்டியது. நம் ஊர் எலுமிச்சை லைம் இனம், ஃப்யூரோகூமரின் அதிகம் இருப்பது தோலில். பிழிந்த மூடியைத் திருப்பி முகத்தில் தேய்ப்பது அமிலத்தையும் எண்ணெயையும் சேர்த்தே ஏற்றுகிறது. சாறு பட்ட கையை வெயிலில் போகும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கருந்தடம் மட்டும் மிஞ்சியிருந்தால் வெயில் படாமல் மூடி, சன்ஸ்கிரீன் தடவி விட்டுவிடுங்கள். அதை வெளுக்க வைக்க மறுபடி எலுமிச்சையை எடுக்காதீர்கள்.