ரெய்டு உடைந்த நாஸ் பெட்டி: ரீபில்டா, லினக்ஸா, மென்பொருளா, லேபா?

நாலு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி. ரெய்டு 5: பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று செத்தாலும் டேட்டா பிழைக்கும் ஏற்பாடு. மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு எப்போது அணைந்ததோ யாருக்கும் தெரியாது; பெட்டி மேஜைக்கு அடியில் கிடந்தது. முதல் டிஸ்க்கும் மக்கர் பண்ணி வெளியேறிய அன்றுதான் பீப் சத்தம் காதில் விழுந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நண்பர் முதல் டிஸ்க்கின் ட்ரேயில் கை வைத்திருந்தார். "ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தா வந்துடும்ல?" என்றார். வந்தாலும் வரலாம். ஆனால் கழற்றி மாட்டிய டிஸ்க்கைப் புது ஸ்பேர் (மாற்று டிஸ்க்) என்று எண்ணிச் சேர்த்துக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. அப்படிச் சேர்ந்துவிட்டால், வரிசையில் அது எத்தனையாவது டிஸ்க் என்ற குறிப்பே மாறிப்போகும். கையை எடுக்கச் சொல்லி, பெட்டியை முறைப்படி ஷட்டவுன் செய்தோம்.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு வழிகள் நான்கு. பெட்டியே தரும் ரீபில்டு (செத்த டிஸ்க்குக்குப் பதில் புதுசு போட்டு டேட்டாவை அதில் மறுபடி கட்டுவது), டிஸ்க்குகளை லினக்ஸ் கணினியில் மாட்டி எம்டிஆட்ம் (லினக்ஸின் ரெய்டு கருவி) கொண்டு எழுப்புவது, காசு கொடுத்து வாங்கும் மீட்பு மென்பொருள், டேட்டா ரெகவரி லேப். எது அதிகம் மீட்கும் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இது என் டிஸ்க்கில் எதையாவது எழுதுமா? படிக்க மட்டும் செய்யும் வழி தோற்றால் அடுத்ததை முயலலாம். எழுதும் வழி தோற்றால் பெரும்பாலும் அத்தோடு கதை முடிந்தது.

அதற்கும் முன்னால், போனது எது என்று பார்க்க வேண்டும். பவர் சப்ளையோ போர்டோ செத்து டிஸ்க்குகள் நலமாக இருந்தால், அதே நிறுவனத்தின் ஒத்துப்போகும் இன்னொரு பெட்டியில், அதே வரிசையில் மாட்டினால் பல சமயம் வேலை முடிந்துவிடும். கழற்றும்போதே ஒவ்வொரு டிஸ்க்கிலும் 1, 2, 3, 4 என்று ஒட்டிவையுங்கள், இரண்டு நிமிட வேலை. ஃபைலைத் தவறி அழித்துவிட்டீர்கள் என்றால் ரெய்டால் எந்தப் பயனும் இல்லை. மிரரில் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் ரெய்டில்) அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். அங்கே ரீசைக்கிள் ஃபோல்டரையும் ஸ்னாப்ஷாட்டையும் (பெட்டி முன்பே எடுத்துவைத்த நிலைப்பதிவு) பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ரீபில்டு

நான்கில் மிகச் சுலபமானது இது, மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவதும் இதுதான். ரெய்டு 5-இல் டேட்டா பட்டை பட்டையாக டிஸ்க்குகளில் பரப்பப்பட்டு, ஒவ்வொரு வரிசைப் பட்டைக்கும் பேரிட்டி என்ற கணக்குத் துண்டு ஒன்று எழுதப்படுகிறது. ஒரு டிஸ்க்கில் 1011, இன்னொன்றில் 0110 என்றால், எக்ஸ்ஓஆர் கணக்கில் (இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1) பேரிட்டி 1101. இந்த மூன்றில் எது காணாமல் போனாலும் மற்ற இரண்டை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஒன்று போனால்தான் கணக்கு. இரண்டு போனால் கணக்கே இல்லை. இரண்டு இழப்பைத் தாங்குவது ரெய்டு 6.

சரி, ஒன்றுதான் போயிருக்கிறது, புது டிஸ்க் போட்டு ரீபில்டு கொடுக்கலாமா? மிச்சமிருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படித்தால்தான் ரீபில்டு முடியும். 4 டிபி டிஸ்க் நாலு என்றால் 12 டிபி படிக்க வேண்டும். சாதாரண ஹார்டு டிஸ்க்குகளின் விவரத்தாளில், ஒரு கோடி கோடி பிட் படித்தால் மீட்க முடியாத பிழை அதிகபட்சம் ஒன்று வரலாம் என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபி. நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் இதைவிட ஒழுங்காகவே நடந்துகொள்கின்றன, அதனால் இந்தக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்தும் கட்டுரைகளை நான் முழுசாக நம்புவதில்லை. ஆனால் ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில் ஒரே சூட்டில் வருடக்கணக்காக ஓடிய நான்கு டிஸ்க்குகளில் ஒன்று செத்திருக்கிறது. மற்ற மூன்றும் இளமையாக இருக்கும் என்று எதை வைத்து நம்புவது? எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதும்) டிஸ்க்காக இருந்தால் ரீபில்டு நாள்கணக்கில் இழுக்கும். நாஸுக்கென்று விற்கப்பட்ட சில டிஸ்க்குகளே அந்த வகை என்று 2020-இல் தெரியவந்தபோது எழுந்த சத்தம் பலருக்கு நினைவிருக்கும்.

ஆக, ஒன்று மட்டும் போயிருந்து, மற்றவற்றின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தருவது) கெட்டு மாற்றப்பட்ட செக்டர்களைச் சொல்லும் ரீஅலொகேட்டட், சந்தேகத்தில் உள்ளவற்றைச் சொல்லும் பெண்டிங் இரண்டும் பூஜ்ஜியமாக இருந்து, முக்கியமான ஃபோல்டர்களை வெளியே காப்பி எடுத்த பிறகு என்றால் ரீபில்டு சரியான வழி. வால்யூம் (ரெய்டு மேல் கட்டிய மொத்தச் சேமிப்பிடம்) ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால் அந்தத் திரையில் வரும் எந்தப் பட்டனும் உங்களுக்கானது அல்ல. "புதிய வால்யூம் உருவாக்கு" என்பதும் அங்கேயேதான் இருக்கும்.

இமேஜ் எடுப்பது

இது ஐந்தாவது போட்டியாளர் அல்ல, மற்ற மூன்றுக்கும் வாசல். க்னூ டிடிரெஸ்க்யூ நோயாளி டிஸ்க்கைச் செக்டர் செக்டராக ஒரு இமேஜ் ஃபைலாக்கும். முதலில் சுலபமாக வரும் பகுதிகளை அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். எங்கே நின்றது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துவைத்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். நலமான 4 டிபி டிஸ்க், நொடிக்கு 150 எம்பி வேகத்தில், ஏழரை மணி நேரம். நோயாளி என்றால் சொல்ல முடியாது.

அத்தனை டிஸ்க்குக்கும் இமேஜ் எடுக்க இடம் எங்கே என்பது நியாயமான கேள்விதான். முடிந்தால் எல்லாவற்றுக்கும் எடுங்கள். முடியாவிட்டால் தடுமாறும் டிஸ்க்குக்காவது எடுத்தே ஆக வேண்டும்.

லினக்ஸும் எம்டிஆட்மும்

பலருக்குத் தெரியாத விஷயம்: வீட்டு, சிறு அலுவலக நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது சாதாரண லினக்ஸ் ரெய்டுதான். சினாலஜி நிறுவனத்தின் எஸ்எச்ஆர் என்பதும் எம்டி ரெய்டுக்கு (லினக்ஸ் ரெய்டு) மேல் எல்விஎம் (இடத்தைப் பகிர்ந்து தரும் அடுக்கு) போட்ட ஏற்பாடுதான். டிஸ்க்குகளை உபுண்டு கணினியில் மாட்டி எடுக்கும் வழியை அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. செலவு என்று பார்த்தால் சாட்டா கேபிள்களும் பொறுமையும்தான்.

இந்த வழியில் என் மனதுக்குப் பிடித்தது, டிஸ்க்கே தன் கதையைச் சொல்வது. எம்டிஆட்மின் எக்ஸாமின் கட்டளை ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கையும் (ரெய்டு பற்றிய குறிப்பு இருக்கும் பகுதி) வாசித்துக் காட்டும்: எந்த அணிவரிசையைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது, சங்க் (ஒரு டிஸ்க்கில் ஒரு தடவையில் வைக்கும் துண்டின் அளவு) எவ்வளவு, கடைசியாக எப்போது எழுதப்பட்டது, ஈவென்ட் எண் (அணிவரிசையில் மாற்றம் நிகழ நிகழக் கூடும் எண்) என்ன. நண்பரின் டிஸ்க்குகளில் இரண்டாவதும் நான்காவதும் 48213 என்றன. முதலாவது 48209. மூன்றாவது 31777, தேதியோ ஐந்து மாதம் பழையது. பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. மூன்றாவது டிஸ்க் என்றோ வெளியேறிவிட்டது, அதற்குப் பிறகு எழுதியது எதுவும் அதில் இல்லை. முதலாவது கடைசி நிமிடத்தில்தான் விழுந்திருக்கிறது, வித்தியாசம் வெறும் நாலு. எனவே மூன்றாவதை ஒதுக்கிவிட்டு, முதலாவதின் இமேஜோடு இரண்டையும் நான்கையும் சேர்த்து ஃபோர்ஸ் அசெம்பிள் (எண் ஒத்துப்போகாவிட்டாலும் வலுக்கட்டாயமாக எழுப்புவது) செய்ய வேண்டும். எண்ணைப் பார்க்காமல், நன்றாகச் சுற்றுகிறதே என்று மூன்றாவதைச் சேர்த்திருந்தால், ஐந்து மாதப் பழைய பட்டைகளும் இன்றைய பட்டைகளும் கலந்த கூட்டாஞ்சோறுதான் கிடைத்திருக்கும்.

ஃபோர்ஸ் என்பது ஈவென்ட் எண்ணைத் திருத்தி எழுதும், அதாவது எழுதும் வேலை. இமேஜ் மேல் செய்தால் கவலையில்லை. அசல் டிஸ்க் மேல்தான் செய்ய வேண்டும் என்றால் ஓவர்லே போடுங்கள். எழுதுவதெல்லாம் தனி ஃபைலுக்குப் போகும், டிஸ்க் தொடப்படாது. மவுன்ட் செய்யும்போது இன்னொரு பொறி: இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தை ரீட் ஒன்லி என்று மவுன்ட் செய்தாலும் ஜர்னலை (முடியாத வேலைகளின் குறிப்பேடு) ஓட்டி எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. நோலோட் என்ற சொல்லையும் சேர்த்தால்தான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்.

இந்த வழியின் பெரிய ஆபத்து ஒரே ஒரு சொல்: கிரியேட், அதாவது அணிவரிசையைப் புதிதாக உருவாக்கும் கட்டளை. அசெம்பிள் மறுத்தால், ஏதோ ஒரு பழைய பதிவைப் பார்த்து "மறுபடியும் கிரியேட் பண்ணு, டேட்டா அப்படியே இருக்கும்" என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். எம்டிஆட்ம் தானாக எடுத்துக்கொள்ளும் சங்க் 512 கேபி. பெட்டியில் 64 ஆக இருந்திருக்கலாம். டேட்டா எங்கே தொடங்குகிறது என்ற ஆஃப்செட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. நான்கு டிஸ்க்கை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். இத்தனையும் சரியாக அமைந்தால்தான் பலன், தப்பினால் பழைய சூப்பர்பிளாக்கின் மேலேயே புதுசு எழுதப்பட்டிருக்கும்.

லினக்ஸ் கைவிடும் இடங்களும் உண்டு. க்யூநாப் நிறுவனத்தின் பெட்டிகளில் எல்விஎம் அடுக்கு அவர்கள் மாற்றியமைத்தது. சாதாரண உபுண்டுவில் பல சமயம் எழாது. சினாலஜியின் பிடிஆர்எஃப்எஸ் (இன்னொரு ஃபைல்சிஸ்டம்) வால்யூமைப் புதிய கர்னல்கள் மவுன்ட் செய்ய மறுப்பதும் நடக்கும், அப்போது பழைய உபுண்டுவைத் தேடி எடுக்க வேண்டியதுதான். ட்ரூநாஸ் போன்ற, ரெய்டு வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள பெட்டிகளில் எம்டிஆட்முக்கு வேலையே இல்லை. பூலை (டிஸ்க் தொகுப்பை) ரீட் ஒன்லியாக இம்போர்ட் செய்து பார்ப்பதே முதல் படி.

மென்பொருள்

யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர், ஆர்-ஸ்டூடியோ, ரீக்ளைமீ போன்றவை டிஸ்க்கில் எதையும் எழுதாமல், நினைவகத்தில் ஒரு மாயமான அணிவரிசையைக் கட்டி அதிலிருந்து ஃபைல்களை வாசிக்கின்றன. என் அளவுகோலில் இவைதான் முதலிடம். சூப்பர்பிளாக் அழிந்துபோனாலும், டேட்டாவின் அமைப்பைப் பார்த்தே வரிசையையும் சங்கையும் கண்டுபிடிக்க முயலும். விலை உண்டு; ஆனால் காசு கேட்பதற்கு முன்பே சோதனைப் பதிப்பில் ஃபோல்டர் மரத்தைக் காட்டிவிடும். மரம் வராவிட்டால் வாங்காதீர்கள்.

மரம் வந்தால் மட்டும் போதாது. வரிசை தவறாக இருந்தாலும் ஒரு சங்க்குக்குள் அடங்கும் குட்டி ஃபைல்கள் நன்றாகவே திறக்கும். 20 கேபி ஐகானைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்படுவதில் பயனில்லை. 5 எம்பி புகைப்படம் ஒன்றைத் திறந்து பாருங்கள்: மேல் ஓரம் ஒழுங்காக வந்து, கீழே சாம்பல் நிறமோ இடம் மாறிய துண்டுகளோ தெரிந்தால் வரிசையோ சங்கோ தவறு.

இவை பெரும்பாலும் விண்டோஸில் ஓட்டப்படுவதால் ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் டிஸ்க்குகளை மாட்டியதும் விண்டோஸ் அக்கறையாக "இனிஷியலைஸ் செய்யட்டுமா, ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும். கேன்சல். எத்தனை முறை கேட்டாலும் கேன்சல்.

இலவசத்தில் ஃபோட்டோரெக் இருக்கிறது. ஃபைல்சிஸ்டத்தைச் சட்டை செய்யாமல், ஃபைலின் தலைப்பு அடையாளத்தைப் பார்த்துத் தோண்டி எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் போய்விடும், எண்கள்தான் மிஞ்சும். ரெய்டு 5-இல் தனி டிஸ்க் மேல் ஓட்டுவது வீண். ஒரு பட்டைக்கு மேல் பெரிய எல்லா ஃபைலும் துண்டுதான். எழுப்பிய அணிவரிசை மேல் ஓட்ட வேண்டும். கடைசிப் புகலிடம் என்று இதை இளக்காரமாகச் சொல்வார்கள், ஆனால் 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர் க்யூநாப் பெட்டிகளில் ஃபைல்களைக் கடவுச்சொல் போட்ட 7-ஜிப்புக்குள் அடைத்து அசலை அழித்தபோது, அழிந்த அசலைப் பலர் தோண்டி எடுத்தது இதே ஃபோட்டோரெக்கைக் கொண்டுதான்.

லேப்

டிஸ்க் டிக் டிக் என்று தட்டினாலோ, சுற்றவே மறுத்தாலோ மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை பவர் கொடுக்கும்போதும் தலைப்பகுதி தட்டின் மேல் உரசக்கூடும். தலை மாற்றுவது சுத்த அறையில் செய்யும் வேலை. ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியத்தை இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் கோர்ப்பதுதான் மிச்சம். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பல ஹீலியம் நிரப்பி அடைத்தவை, அவற்றில் வேலை இன்னும் கடினம்.

லேப் கேட்கும் தொகை பெரும்பாலும் டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு. அதனால் ரெய்டு 5-இல் இரண்டு செத்திருந்தால் இரண்டையும் சரிசெய்யக் கேட்க வேண்டாம். ஒன்று மீண்டால் கணக்கு முடியும், அது கடைசியாகச் செத்ததாக இருக்க வேண்டும். எது கடைசி என்று பெட்டியின் லாக்கில் இருக்கும். அதை லேபுக்கு எழுதிக் கொடுங்கள், காசு கட்டுவதற்கு முன் ஃபைல் பட்டியல் கேளுங்கள்.

நண்பர் விஷயத்தில் லேப் தேவைப்படவில்லை. முதல் டிஸ்க் சுற்றியது, சில இடங்களில் மட்டும் திணறியது. டிடிரெஸ்க்யூ இரண்டு இரவு ஓடி, 96 கேபி தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிட்டது. இஎக்ஸ்டி4 வால்யூம், சூப்பர்பிளாக்குகள் பத்திரம். அதனால் மென்பொருளுக்குக் காசு போடாமல் லினக்ஸிலேயே எழுப்பினோம். சூப்பர்பிளாக் போயிருந்தாலோ க்யூநாப்பாக இருந்தாலோ நேராக மென்பொருளுக்குத்தான் போயிருப்பேன். காப்பி முடிந்து பார்த்தபோது திறக்காமல் நின்றது ஒரே ஒரு பழைய ஜிப் ஃபைல். அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். "அந்த நாஸோட பேக்கப் செட்டிங்ஸ்" என்றார்.