லே கடைவீதியின் ஆக்சிஜன் கேன்: ஒரு மதிப்பீடு

லடாக்கில் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரின் மருந்துக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 10 லிட்டர் ஆக்சிஜன் கேன் ஒன்றை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். மூக்கையும் வாயையும் மூடும் சிறிய பிளாஸ்டிக் மூடி, அழுத்தினால் 'உஸ்' என்று வெளிவரும் வாயு, இவ்வளவுதான் அமைப்பு. 10 லிட்டர் ஆக்சிஜனின் எடை ஏறத்தாழ 13 கிராம்தான் என்பதால், நிறைந்த கேனுக்கும் தீர்ந்துபோன கேனுக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரிவதில்லை. ஆகவே முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

குருதியின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டே சோதித்தேன். 90க்குக் கீழே நின்ற அளவு, சில முறை ஆழமாக இழுத்ததும் 95ஐத் தாண்டியது. கேனைக் கீழே வைத்த சில நிமிடங்களில் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. ஆக்சிஜனைப் பெரிய அளவில் சேமித்து வைக்கும் வசதி உடலுக்கு இல்லாதபோது கேனைக் குறை சொல்லிப் பயனில்லை. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்துவிட்டால் ஐந்தே நிமிடங்களில் முழுவதும் காலியாகிவிடும்.

உடலை உயரத்துக்குப் பழக்கும் என்று உறையில் அச்சிட்டிருப்பதைத்தான் ஏற்க இயலவில்லை. குருதியில் ஆக்சிஜன் குறைவதைக் கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அரிசிமணி அளவே உள்ள கரோட்டிட் உறுப்பு நொடிகளில் உணர்ந்துவிடுகிறது. இதைத் தெளிவுபடுத்திய ஆய்வுக்காகவே பெல்ஜிய அறிவியலாளர் கார்னெய் ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அங்கிருந்து நரம்பு வழியே, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான முகுளத்துக்குச் செல்லும் செய்தி, குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளின் துணையோடு மூச்சை விரைவுபடுத்துகிறது. ஆனால் சில நிமிடங்களுக்குப் பின் மூளையில் அடினோசின், காபா ஆகிய வேதிப்பொருள்களின் செயல் மேலோங்கி, அந்த வேகத்தை ஓரளவு பின்னிழுக்கிறது. அடுத்தடுத்த நாள்களில் கரோட்டிட் உறுப்பின் உணர்திறன் கூடுவதாலும், சிறுநீரகம் பைகார்பனேட் என்னும் காரப்பொருளை வெளியேற்றுவதாலும் மூச்சு மறுபடி வலுப்பெறுகிறது. உடல் உயரத்துக்குப் பழகுவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆக்சிஜன் குறைவு என்ற செய்தி தொடர்ந்து கிடைத்தால்தான் இது நடக்கும். அந்தச் செய்தியைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்திவைக்கும் கேன், பழகுவதைக் கெடுப்பதுமில்லை, விரைவுபடுத்துவதுமில்லை.

குளிருக்கும் இது நல்லது என்றார் கடைக்காரர். விற்பனைப் பேச்சென்று முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆக்சிஜன் குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸின் முன்பகுதி உடல் வெப்பத்துக்கான இலக்கையே கீழிறக்கி, ஆக்சிஜன் செலவைக் குறைக்கிறது. எலிகளில் நடந்த ஆய்வுகள் இதில் செரட்டோனின், டோபமின், அடினோசின் ஆகிய மூளை வேதிப்பொருள்களின் பங்கைக் காட்டியுள்ளன. எலிகளின் உடல் வெப்பம் கணிசமாகவே இறங்கிவிடுகிறது. மனிதர்களிடம் மாற்றம் சிறிதுதான் என்றாலும், நடுக்கம் வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் தொடங்குகிறது. எனவே 'எனக்கு நடுங்கவில்லையே' என்று லேயில் ஸ்வெட்டரைக் கழற்றுவது விவேகமன்று. ஐந்து நிமிட வாயு இந்த ஏற்பாட்டை மாற்றிவிடப் போவதில்லை. கம்பளிக் கையுறை அதைவிடப் பயனுள்ளது, விரல் சூடாக இருந்தால் ஆக்சிமீட்டரும் ஒழுங்காகக் காட்டும்.

இரவில்தான் கேன் முற்றிலும் தோற்கிறது. வேகமாக மூச்சுவிடுவதால் குருதியில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, உறக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு திணறலோடு மீள்கிறது. ஆக்சிஜன் தொடர்ந்து கிடைத்தால் இது தணியும். ஆனால் உறங்குகிறவர் கேனை அழுத்திக்கொண்டிருக்க முடியாது. அதற்குக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தொடர்ந்து தரும் கான்சென்ட்ரேட்டர் கருவி உள்ள விடுதியே தேவை.

லேயைவிட உயரமான கர்துங் லா கணவாயில் சிறிது நேரம் இறங்கி நின்று திரும்புகிறவர்கள் ஒரு கேன் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கேனுக்கான பணத்தை ஆக்சிமீட்டருக்குச் செலவிடுவதே மேல். ஓய்வில்கூட மூச்சுத்திணறலோ, நடையில் தள்ளாட்டமோ, மனக்குழப்பமோ தென்பட்டால் கேனை நம்பிக் காத்திராமல் உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மிஞ்சிய கேனை விமானத்தில் எடுத்துவர அனுமதியில்லை. விடுதியிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.