பள்ளிச் சேர்க்கையும் பிள்ளைச் சேர்க்கையும்: இரண்டு பள்ளிகளுக்கு நடுவே

மகளுக்கு ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்ற வேண்டியிருந்தது. அலைந்து விசாரித்ததில் கடைசியாக இரண்டு தனியார் பள்ளிகள் மிஞ்சின. ஒன்று பெரியது, வகுப்புக்கு எட்டுப் பிரிவு. இன்னொன்று சின்னது, வகுப்புக்கு ஒரே பிரிவு. நாங்கள் சின்னதில் சேர்த்தோம். அவள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாடத்திட்டம் இரண்டிலும் ஒன்றுதான். கட்டணத்திலும் தூரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆய்வகம், திடல், நீச்சல் குளம் என்று பார்த்தால் பெரிய பள்ளிக்குப் பக்கத்தில்கூடச் சின்னது வராது. தேர்வு முடிவுகளிலும் பெரியதற்கே பெயர். ஆனால் நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கும் பள்ளியில், அந்த மதிப்பெண்ணில் பள்ளிக்கு எவ்வளவு பங்கு, பிள்ளைக்கு எவ்வளவு பங்கு என்று யாரால் பிரிக்க முடியும்? அதனால் அதை நாங்கள் ரொம்பவும் கணக்கில் எடுக்கவில்லை.

தூக்கத்தைக் கெடுத்தது வேறு கவலை. “சேர்க்கை எப்படி?” என்று என் அம்மா கேட்டார். இடம் கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை. பேத்தி எப்படிப்பட்ட பிள்ளைகளோடு சேரப்போகிறாள் என்று கேட்டார். அதைத் தெரிந்துகொள்ள விளம்பரப் புத்தகம் உதவாது. இடைவேளை நேரத்தில் போய் நிற்க அனுமதி கேட்டோம். இரண்டு பள்ளிகளுமே ஒப்புக்கொண்டன.

பெரிய பள்ளியில் நான் பார்த்தது இது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தூணோரம் தனியாக நின்றிருந்தான். மூன்று பேர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவன் பையின் ஜிப்பைத் திறந்துவிட்டுப் போனார்கள். அவன் மூடுவான், அவர்கள் திரும்பி வருவார்கள். நான்கு முறை நடந்தது. அடி இல்லை, திட்டு இல்லை. சுற்றி இருபது பிள்ளைகளாவது இருந்திருப்பார்கள். சிலர் சிரித்தார்கள், மற்றவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியைக்கு அந்தக் கூட்டத்தில் அது கண்ணில் படவே இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

சின்னப் பள்ளியிலும் எல்லாம் சாந்தமாக இல்லை. பந்துக்காகச் சண்டை நடந்தது. ஒரு சிறுவனை இருவர் தள்ளினார்கள். ஆனால் அவனைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண் ஒருத்தி, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே நடுவில் வந்து, “போதும், விடுங்கடா” என்றாள். விட்டுவிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே அது வழக்கம் என்பது அதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்: ஒரு பிள்ளை சீண்டப்படும்போது மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சீண்டுபவன் இல்லாத பள்ளியைத் தேடினால் கிடைக்காது. பின்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-இல் வெளியிட்ட ஆய்வு, சீண்டலில் வகுப்பின் பெரும்பாலான பிள்ளைகளுக்கும் ஏதோவொரு பங்கு இருப்பதைக் காட்டியது. சீண்டுபவனுக்குத் துணை போகிறவர்கள், சிரித்து ஊக்கம் கொடுப்பவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், காப்பாற்ற வருபவர்கள் என்று. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்து 2001-இல் வெளிவந்த ஆய்வில், சக பிள்ளைகள் குறுக்கிட்ட தருணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 10 விநாடிக்குள் சீண்டல் நின்றிருந்தது. ஆனால் அப்படிக் குறுக்கிட்டவர்கள் குறைவு. அந்தத் தண்ணீர் பாட்டில் பெண் எவ்வளவு அரியவள் என்பது அதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம், இரண்டு தலைமை ஆசிரியர்களிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: “கடைசியாக இங்கே நடந்த கேலிப் பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள்?” பெரிய பள்ளியில், “எங்கள் மாணவர்களிடம் அப்படி எதுவும் கிடையாது” என்றார்கள். தூணோரம் நின்ற பையனைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அது ஒட்டவில்லை. சின்னப் பள்ளியில், பெயர் எதுவும் சொல்லாமல், போன பருவத்தில் ஒரு பெண்ணை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எல்லோரும் சேர்ந்து நீக்கியதையும், அது சரியாவதற்கு ஆறு வாரம் ஆனதையும், ஒரு குடும்பம் இன்னும் கோபமாக இருப்பதையும் சொன்னார்கள். கேட்க இனிமையாக இல்லை, நம்பும்படி இருந்தது.

சரி, சின்னப் பள்ளியின் குறையையும் சொல்ல வேண்டும். ஒரே பிரிவு என்பது இரண்டு பக்கமும் வெட்டும். ஏழாம் வகுப்பில் என் மகளின் நெருங்கிய தோழிகள் இருவர் அவளை விலக்கி வைத்தார்கள். பெரிய பள்ளியாக இருந்தால் பிரிவு மாற்றிக் கேட்டிருப்பேன். இங்கே அதே முப்பது முகங்களோடு காலையும் மாலையும் இருந்தாக வேண்டும். இரண்டாம் நாளே வகுப்பாசிரியை அழைத்துப் பேசினார் என்பது உண்மை. ஆனாலும் அவள் பழையபடி சிரிக்க இரண்டு மாதம் ஆனது. அந்த நாட்களில் தவறு செய்துவிட்டோமோ என்று பலமுறை நினைத்தேன்.

காசு பார்த்துப் பழகும் புத்தி இரண்டு இடத்திலும் உண்டு. யார் வீட்டில் என்ன கார், யார் கையில் என்ன போன் என்ற பேச்சுக்குத் தனியார் பள்ளி எதுவும் தப்பவில்லை. சின்ன இடத்தில் அது சீக்கிரம் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எப்படி என்று எனக்குத் தெரியாது. தேர்வு நெருக்கடி வரும்போது இந்தப் பழக்கமெல்லாம் நிலைக்குமா, அவளுக்கு வேண்டிய பாடம் இங்கே இருக்குமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பெரிய பள்ளி எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். என் தங்கை மகன் அங்கேதான் படிக்கிறான். முதல் வருடம் யாரோடும் ஒட்டாமல் இருந்தவன், நீச்சல் குழுவில் சேர்ந்த பிறகு மாறிவிட்டான். அந்தக் குழுவில் மூத்த பையன்கள் இளையவர்களைப் பார்த்துக்கொள்கிறார்களாம். காலை ஐந்தரைக்கு அவனை யாரும் எழுப்ப வேண்டியதில்லை, துண்டை எடுத்துக்கொண்டு தானே வாசலில் நிற்கிறான் என்கிறாள் தங்கை.